ஏழாம் நம்பர் மூட்டை

எனக்குக் காப்பி பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால், காப்பியைப் பற்றி எழுதுகிறவள் விடிந்ததும் ஃபில்டரைத் தட்டிக்கொண்டு நிற்கிறவளாக்கும் என்று நினைத்துக்கொள்வீர்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருபத்தைந்து வருஷம் ஓட்டியவள் நான். பதினொரு மணிக்கு ஒரு டீ, நாலு மணிக்கு ஒரு டீ, ஷிப்மெண்ட் நெருங்கிவிட்டால் கணக்கே கிடையாது. உனக்கு உடம்பில் ஓடுவது ரத்தமா டீயா என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அப்படிப்பட்ட நான் ஒரு மாசி மாதம் பாதிக்கு மேல் காப்பிக்கொட்டை பொறுக்கினேன். அதில் ஒரு பெரிய தப்பும் பண்ணினேன். அந்தத் தப்பைக் கேட்க ஒரு அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தார். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது.

என் தொழில் செக்கிங். தைத்து முடித்த பனியனை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப்போட்டு, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் பெட்டியில் போட வேண்டும். கம்பெனியை விட்டு வந்து, வீட்டு முன்பக்கத்தில் ஷீட் போட்டு நாலு டேபிள் வாங்கிப்போட்டு, சொந்தமாக ஜாப் ஒர்க் எடுக்க ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. என்னோடு மூன்று பெண்கள். இரண்டு பேர் எங்கள் வீதிக்காரர்கள். மூன்றாவது பெண் ஒடிசாவிலிருந்து வந்தவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். தமிழ் பாதி, இந்தி பாதி பேசுவாள். கண் மட்டும் முழுசாக வேலை செய்யும்.

எங்கள் வேலையில் அப்ரூவ்டு சாம்பிள் என்று ஒன்று உண்டு. ஆர்டர் கொடுத்த பார்ட்டி ஒரே ஒரு பனியனைப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு, கவரில் போட்டு சீல் வைத்து அனுப்புவார்கள். அதை டேபிளுக்கு மேலே ஆணியில் மாட்டிவிடுவோம். ஆயிரம் பனியன் வந்தாலும் பத்தாயிரம் வந்தாலும் அது மாதிரி இருந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. எதிர்ப்பேச்சு கிடையாது. நானும் அப்படியே பழகிவிட்டேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனால்கூடச் சாம்பிள் எங்கே என்று கேட்பாய் என்பார் வீட்டுக்காரர்.

ஆனால் என் டேபிளில் எனக்கென்று ஒரு சட்டமும் உண்டு. ரிஜெக்ட் ஆனதை, அதைத் தைத்தவர் கண்ணில் காட்டாமல் வெளியே விடமாட்டேன். கம்பெனிக்காரர்களுக்கு இது ஆகாது. "ஏனுங்க்கா, உங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா? கழிச்சமா, கட்டுனமா, அனுப்புனமான்னு இருக்கோணுமுங்க" என்பார்கள். நான் அசைந்து கொடுக்கமாட்டேன்.

இந்தச் சட்டம் என் நல்ல மனசிலிருந்து பிறந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேனிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தையல்கார அக்கா தைத்துக் கட்டிய பனியன் பண்டில் முழுவதையும் கழித்துவிட்டேன். கழுத்துப்பட்டியின் அகலம் சாம்பிளில் இருந்த மாதிரி இல்லை. சூப்பர்வைசர் அந்த அக்காவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலையை விட்டு நிறுத்திவிட்டார். மறுநாள் மத்தியானம்தான் தெரிந்தது, பார்ட்டி சாம்பிளை மாற்றிக் கொடுத்திருந்தார்கள், என் டேபிளில் தொங்கிக்கொண்டிருந்தது பழையது. அந்த அக்கா புதுச் சாம்பிளைப் பார்த்துச் சரியாகத்தான் தைத்திருந்தார். சாயங்கால பஸ்ஸில் அவர் ஊருக்குப் போகிறார் என்று ஹாஸ்டல் பெண்கள் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டு எங்கள் கம்பெனியிலிருந்து பத்து நிமிஷ நடை. நான் போகவில்லை. போய் அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று பயம். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தச் சட்டம்.

இனிக் காப்பிக்கு வருகிறேன். அந்த வருஷம் தை பிறந்ததிலிருந்தே ஆர்டர் படுத்துவிட்டது. கம்பெனிகளிலேயே மிஷினுக்கு உறை போட்டு வைத்திருந்தார்கள் என்றால் எங்களைப் போன்ற ஜாப் ஒர்க் ஆட்கள் கதி என்ன? நாலு டேபிளும் காலி. அப்போதுதான் பாய் வந்தார்.

பாய் எனக்குப் பழக்கமான வியாபாரி. காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய பனியன்களை விற்கிற கடை வைத்திருந்தார். அதற்கு முன்னால் பனியன் மூட்டையைக் கட்டிக்கொண்டு பழனி மலைமேல் இருக்கிற ஊர்களின் வாரச் சந்தைக்குப் போவார். இவர் பனியன் விற்கிற அதே சந்தைக்கு மலைக்காரர்கள் காப்பிக்கொட்டை கொண்டுவருவார்களாம். வாங்க வருகிறவர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, முகர்ந்து பார்த்து, கழிவு இவ்வளவு என்று தானே சொல்லிக் கழித்துக்கொண்டு, ஒரு விலையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாராம். கொடுத்தால் கொடு, இல்லையென்றால் தூக்கிக்கொண்டு மலையேறு. இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல், பாய் தானே வாங்குவது என்று இறங்கிவிட்டார். ஏக்கர் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறவர்களாகப் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, அறுவடைக்கு முன்னாலேயே விலையைப் பேசி எழுதிக் கொடுத்துவிட்டார். சந்தையில் விலை இறங்கினாலும் அதே விலை, ஏறினால் சேர்த்துக் கொடுப்பது. திருப்பூரில் ஒரு சின்ன வறுப்பு மிஷினும் போட்டிருந்தார்.

பாக்கெட்டில் போடப் பெயரும் வைத்திருந்தார், நியாய விலைக் காப்பி என்று. எங்கள் வீதிப் பெண் ஒருத்தி அதைக் கேட்டதும், "ரேசன் கடையில இப்பக் காப்பிக்கொட்டையும் போடறாங்களா பாய்? கார்டுக்கு எத்தனை கிலோங்க?" என்றாள். பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். அன்றைக்கே பெயரை மாற்றிவிட்டார்.

"அக்கா, பன்னெண்டு மூட்டை இருக்குது. கைப்பொறுக்கு பொறுக்கித் தரோணும். துணி பார்க்கற கண்ணுக்கு இதெல்லாம் ஒரு வேலைங்களா?" என்றார்.

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. "கொண்டாங்க பாய்" என்றேன்.

மூட்டைகளை இறக்கினபோது ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதியிருந்தது. ஒரு மூட்டை ஒரு குடும்பத்துடையது. பெங்களூரில் வாங்குகிற கடைக்காரர்கள் மூட்டைவாரியாகக் கழிவு எவ்வளவு என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். கழிவு அதிகமாக இருக்கிற மூட்டைக்காரரை அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்வதில்லை என்று மலைக்காரர்களும் பாயும் பேசி வைத்திருந்தார்கள். ஒருவர் சரக்கு கெட்டால் எல்லார் பேரும் கெடும் அல்லவா?

பாய் ஏழாம் நம்பர் மூட்டையைத் தட்டிக் காட்டினார். "இவங்களுக்குத்தானுங்க்கா கொஞ்சம் சிக்கல். ஊட்டுக்காரரும் பையனும் காப்பிச் செடியைப் புடுங்கிப்போட்டு பட்டர் ஃப்ரூட் வெக்கலாமுன்னு நிக்கறாங்க. அந்தம்மாதான் ஒரு வருசம், இந்த ஒரே வருசம் பாத்துக்கலாமுன்னு புடிவாதம் புடிச்சு எங்கூட சேர்ந்தாங்க. நல்லா வந்துருச்சுன்னா செடி பொழச்சுக்கும்."

"அப்ப நாங்க பாத்துப் பாத்துப் பண்றோமுங்க" என்றேன். பண்ணினேனே!

வேலையை ஆரம்பிக்கும் முன் வழக்கம்போலக் கேட்டேன், சாம்பிள் எங்கே என்று. பாய் ஒரு மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளி டேபிளில் பரப்பினார். பத்துப் பதினைந்து கொட்டைகளைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். "இப்படி இருக்கோணுமுங்க்கா. கறுப்பு, ஒடைஞ்சது, பூச்சி தொளைச்சது எல்லாம் அக்கட்டால எடுத்துருங்க. அந்தக் கறை எடுக்கற மருந்து பக்கத்துல மட்டும் மூட்டையை வெச்சுராதீங்க, வாசம் ஏறிக்கும்." சொல்லிவிட்டு பெங்களூருக்குக் கிளம்பிவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் அந்தக் கொட்டைகளை ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்திருப்பார்கள். நான் யார்? சின்ன பாலிதீன் கவரில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, மார்க்கரில் அப்ரூவ்டு என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு, ஆணியில் மாட்டினேன். பதினைந்து கொட்டையும் ஒரே மாதிரி. ஒரு பக்கம் தட்டை, தட்டைக்கு நடுவில் ஒரு கோடு, மறுபக்கம் வளைந்த முதுகு. அதுதான் சட்டம் என்று மற்ற மூன்று பேரிடமும் சொன்னேன். கொட்டையில் அம்பு ஸ்டிக்கர் ஒட்ட முடியாது என்பது ஒன்றுதான் எனக்கு அப்போது குறையாக இருந்தது.

காப்பி தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரித்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூட்டைக்குள் தட்டைக் கொட்டைகளுக்கு நடுவே, அங்கங்கே ஒரு உருண்டைக் கொட்டை வரும். பட்டாணியைக் கொஞ்சம் நீட்டிவிட்ட மாதிரி இருக்கும். கறுப்பில்லை, உடையவில்லை, பூச்சி இல்லை. ஆனால் சாம்பிள் மாதிரி இல்லை. கழித்தேன். ஒவ்வொரு மூட்டையிலும் ஒன்று விடாமல் கழித்தேன்.

இரண்டாம் நாளே அந்த ஒடிசாப் பெண் ஒரு உருண்டையை விரலில் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். "அக்கா, யே கராப் நஹீ" என்றாள். பிறகு எனக்குப் புரியவில்லையோ என்று, "கெட்டுப் போகலை அக்கா. நல்லா இருக்கு" என்று தமிழிலும் சொன்னாள்.

நான் ஆணியைக் காட்டினேன். "சாம்பிள் மாதிரி இருக்குதா?"

அவள் பார்த்தாள். "இல்லை அக்கா."

"அப்பறம் என்ன?"

அவள் அதைக் கழிவுத் தட்டில் போட்டாள். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அந்த வாயால் ஒரு நிமிஷம் யோசித்துப் பேசியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

பதினாறு நாளில் முடித்தோம். மூட்டைவாரியாகத் தராசில் நிறுத்து ரிப்போர்ட் எழுதினேன். எல்லா மூட்டையிலும் கழிவு பாய் எதிர்பார்த்ததைவிடக் கூடத்தான் இருந்தது. ஏழாம் நம்பரில் எல்லாரையும்விட மூன்று மடங்கு. எனக்கே கை கூசியது. செடியைப் பிடுங்கிவிடுவார்களே என்று நினைத்தேன். ஆனாலும் கண்ணால் பார்த்ததை மாற்றி எழுத முடியுமா? எழுதி, போட்டோ எடுத்து பாய்க்கு அனுப்பினேன். கழிவை எடுத்துப்போக மலிவுத் தூள் அரைக்கிற ஒரு கடைக்காரர் வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புவதாக ஏற்பாடு.

பாய் போனில் கூப்பிட்டார். குரலில் சுரத்து இல்லை. "சரிங்க்கா, வெள்ளிக்கெழமை குடுத்துருங்க."

"அதெப்படிங்க பாய்? மூட்டைக்காரங்க பார்க்கோணுமல்லங்க."

"மலையில இருந்து இதுக்குன்னு யாருங்க்கா எறங்கி வருவாங்க?"

"வராட்டிப் போறாங்க. வரச் சொன்னமான்னு இருக்கோணுமல்ல. என்ற டேபிள்ல அப்படித்தானுங்க."

பாய் பெருமூச்சு விட்டுக்கொண்டே கழிவுத் தட்டுகளின் போட்டோவைக் கேட்டார். பன்னிரண்டையும் எடுத்து அனுப்பினேன். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் மலைக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறார். இதை அவரே பிறகு ஒப்புக்கொண்டார். பதினொரு பேர் சரிங்க என்று பதில் போட்டுவிட்டார்கள். சந்தையில் இத்தனை வருஷம் கேட்டுப் பழகியவர்கள்தானே. ஏழாம் நம்பர் அம்மா மட்டும் பாய்க்குப் போன் போட்டு, "போட்டோவுல பாத்தா எல்லாம் நல்ல கொட்டையாத்தான தெரியுது? நான் நேர்ல வந்து பாக்கறேன்" என்றாராம்.

வியாழக்கிழமை வந்தார். விடிகாலை முதல் பஸ்ஸில் மலையிறங்கி ஒட்டன்சத்திரம் வந்து, அங்கிருந்து தாராபுரம், தாராபுரத்திலிருந்து திருப்பூர். பாய் தன் லோடு வண்டியில் கூட்டிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்தப் போனார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, மேலே ஆம்பிளைச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தார். கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம். சண்டைக்கு வருகிறவர் பழம் வாங்கிக்கொண்டு வந்தால் நாம் என்ன செய்வது?

"வாங்க அக்கா, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றேன்.

பழத்தைக் கொடுத்தார். உட்காரவில்லை. "எங்க தாயி என் கொட்டை?" என்றார்.

ஏழாம் நம்பர் கழிவுத் தட்டை எடுத்துவந்து, விளக்கைப் போட்டு, டேபிளில் அவர் முன்னால் வைத்தேன். அவர் தட்டை அப்படியே கவிழ்த்துப் பரப்பினார். விரல் ஓடின ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! கறுப்பு ஒரு பக்கம், பூச்சி துளைத்தது ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம். மூன்றும் சேர்ந்து ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை.

"இது நீங்க கழிச்சது நியாயம். ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். பிறகு, மீதிக் குவியலில் உள்ளங்கையை வைத்தார். அத்தனையும் உருண்டை. "இதுக்கு என்ன கொறை தாயி?"

"சாம்பிள் மாதிரி இல்லீங்களே அக்கா" என்று ஆணியைக் காட்டினேன். என் குரல் எனக்கே மெல்லிசாகக் கேட்டது.

அவர் கவருக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். அதில் இருந்த என் கையெழுத்தையும் தேதியையும் பார்த்தார். சிரிப்பாரோ, திட்டுவாரோ என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டும் செய்யவில்லை. ஒரு உருண்டையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"ஒரு பழத்துக்குள்ள ரெண்டு கொட்டை இருக்கும். ஒண்ணை ஒண்ணு நெருக்கிக்கிட்டுக் கெடக்கறதால ஒரு பக்கம் தட்டையாப் போயிரும். சில பழத்துல ஒண்ணுதான் தேறும். நெருக்கறதுக்கு ஆள் இல்லையில்ல, அதான் உருண்டு வளந்துருது. போன வருசம் பூவெடுக்கறப்ப மழை ஏமாத்திருச்சு. எங்க தோட்டம் மேட்டுல இருக்கு, எங்களுக்குத்தான் கூடுதலா ஏமாத்துச்சு. அதான் இந்தத் தடவை இது நெறையா. இது கொறை இல்லை தாயி."

அந்த நேரம் பார்த்து பாய் உள்ளே வந்தார். டேபிளைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "அக்கா, பீபெரியையுங்களா கழிச்சீங்க?"

"அப்படின்னா?"

"கோயமுத்தூர்ல காப்பித்தூள் கடையில இதைப் பேர் சொல்லிக் கேட்டு வாங்குவாங்களுங்க. இதுக்குன்னு தனி வெலைங்க்கா."

மூக்கறுபட்டது என்றால் இதுதான். இருபத்தைந்து வருஷ செக்கிங் கண், மூக்கோடு சேர்ந்து போய்விட்டது. நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லையே பாய் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சாம்பிள் கேட்டது நான், சீல் வைத்தது நான், கண்ணெதிரே ஒருத்தி எடுத்துக் காட்டியும் வாயை அடைத்தது நான். அந்த ஒடிசாப் பெண் அந்தப் பக்கம் டேபிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். என்னைப் பார்க்கக்கூடாது என்று அவள் படுகிற பாடு எனக்குத் தெரிந்தது. எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ சொன்னது சரி" என்றேன். அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

பாய் நல்ல மனுஷர். "தப்பு என்னுதுங்க்கா, நாந்தான் உருண்டை வரும்னு சொல்லாம உட்டுட்டேன்" என்றார். யாருடையது என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. மறுநாள் தூள் கடைக்காரர் வண்டி வந்துவிடும். பன்னிரண்டு தட்டையும் டேபிளில் ஏற்றினோம். நாங்கள் நாலு பேர், மலைக்கார அம்மா ஐந்தாவது ஆள். நல்ல உருண்டையை ஒரு பக்கம், நிஜக் கழிவை ஒரு பக்கம். அந்த அம்மாவும் ஒடிசாப் பெண்ணும் ஒரே டேபிளில் உட்கார்ந்தார்கள். இவர் பேச்சு அவளுக்குப் பாதி புரியாது, அவள் பேச்சு இவருக்கு ஒன்றுமே புரியாது. ஆனாலும் சந்தேகமான கொட்டை வந்தால் அவள் தூக்கிக் காட்டுவாள், இவர் தலையை ஆட்டுவார். நான் என் டேபிளில் வாயைத் திறக்காமல் பொறுக்கினேன். இது என் வீதியில் யாரும் நம்பாத விஷயம்.

மத்தியானம் என் வீட்டில் அரிசிம்பருப்புச் சோறு. சாப்பிட்டு முடித்ததும், பாய்க்கு உற்சாகம் தாங்காமல், ஒரு பிடி உருண்டையை என் கேஸ் அடுப்பில் இரும்புச் சட்டியில் போட்டு வறுத்தார். வீடு முழுக்கப் புகை. மிக்சியில் அரைத்து, பாலும் கருப்பட்டியும் போட்டு ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பிடிக்கவில்லை. கசந்தது. ஆனால் மலைக்கார அம்மா ரெண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வாயாக நிறுத்தி நிறுத்திக் குடித்தார். "எங்க வீட்டுக்கு எப்பவும் ஒடைஞ்சதும் கழிச்சதும்தான். நல்ல கொட்டை முழுக்கச் சந்தைக்குப் போயிரும். என் தோட்டத்து நல்ல காப்பியை நான் இன்னிக்குத்தான் குடிக்கறேன்" என்றார். அதற்குப் பிறகு நான் எப்படி டம்ளரை மீதி வைப்பது? கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

நாலு மணிக்கு வேலை முடிந்தது. புது ரிப்போர்ட் எழுதினேன். ஏழாம் நம்பரின் நிஜக் கழிவுதான் பன்னிரண்டு மூட்டையிலேயே குறைச்சல். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை நிறுத்துப் பார்த்துத்தான் எழுதினேன். இந்த உருண்டையைச் சல்லடை வைத்துச் சலித்தாலும் இவ்வளவு சுத்தமாகப் பிரிக்க முடியாது, தனியாக வறுத்துத் தனிப் பாக்கெட்டில் போடலாம் என்றார் பாய். அது என்னைத் தேற்றச் சொன்னதா, நிஜமா என்று தெரியவில்லை. ஆனால் அப்படியே செய்தார், அதில் வந்த கூடுதல் பணம் மூட்டைக்காரர்களுக்கே போனது.

மலைக்கார அம்மா அப்போதும் நிம்மதியாகவில்லை. போனை எடுத்து வீட்டுக்காரருக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, பாயிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அந்தாளு நம்பமாட்டாரு."

பாய் சொன்னார். ஏழாம் நம்பர் அடுத்த வருஷமும் உண்டு, எழுதிக் கொடுத்தனுப்புகிறேன், செடியில் கை வைக்க வேண்டாம் என்று. அந்தப் பக்கம் ஒரு ஆம்பிளைக் குரல், "சரிங்க பாய். புடுங்கல" என்றது. அந்த அம்மா போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகுதான், காலையிலிருந்து முதல் தடவையாக, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

கிளம்பும்போது ஆணியில் தொங்கின கவரைக் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். ஸ்டேப்ளர் பின்னைப் பிரித்து, தன் குவியலிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து உள்ளே போட்டு, திரும்ப என்னிடம் நீட்டினார். நான் மறுபடியும் ஸ்டேப்ளர் அடித்து, புதுத் தேதி போட்டுக் கையெழுத்தைப் போட்டேன். இந்த மாசியிலும் மூட்டைகள் வந்திருக்கின்றன. அதே கவர்தான் தொங்குகிறது.

பஸ் ஸ்டாண்டுக்கு நானே கூட்டிப் போகிறேன் என்று ஸ்கூட்டியை எடுத்தேன். தாராபுரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கீழே நின்றேன். இத்தனை நேரமும் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன். "அக்கா, உங்க செடியையே புடுங்க வெச்சிருப்பேனுங்க. என்னை மன்னிச்சுருங்க. எம்மேல கோவமில்லீங்களா?"

"கோவமாத்தான் கெளம்பி வந்தேன்" என்றார். "பஸ்ஸுல வர்றப்ப என்னென்ன கேக்கணும்னு மனசுக்குள்ள அடுக்கிக்கிட்டே வந்தேன். நீ தட்டைக் கொண்டாந்து வெளக்கைப் போட்டு என் முன்னால வச்ச பாரு, அப்பவே போயிருச்சு." ஜன்னல் வழியே குனிந்தார். "கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து காப்பி எடுக்கறேன் தாயி. வருசா வருசம் கழிவுன்னு சொல்லிக் கழிப்பாங்க. கழிச்சதை ஒருத்தரும் என் கண்ணுல காட்டுனதில்லை."

பஸ் கிளம்பிவிட்டது. அவர் ஜன்னலிலிருந்து கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

அந்தத் தையல்கார அக்காவும் இதே பஸ் ஸ்டாண்டிலிருந்துதான் போனார். அவர் ஊர் எது, இப்போது எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவரிடம் சொல்ல வேண்டியதை இருபது வருஷத்துக்கு மேல் வைத்திருந்து, அன்றைக்கு ஒரு மலைக்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் அதை வாங்கிக்கொண்டார். பஸ் கண்ணுக்கு மறைகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினேன்.